சுவரில் நிற்கும் கட்டில்

ஜூன் 4

நடுச்சாமத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், ரெஜின். கோபிக்காதீர்கள். பகலில் அபிஷா பேனாவைப் பிடுங்கிக் கடிக்கிறாள். அறையில் விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வாள். அதனால் அடுக்களையில், அரிசி டின்னுக்குமேல் நோட்டை வைத்து எழுத வேண்டியிருக்கிறது. கப்பல் டர்பன் போய்ச் சேரும்வரை தினமும் ஏதாவது எழுதச் சொன்னீர்கள். எழுதி வைக்கிறேன். உங்களுக்கு சிக்னல் வந்ததும் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புவேன்.

இன்றைய செய்தி: நம் மகள் எழுந்து நின்றாள். ஒன்பது மாதம்கூட முழுதாக ஆகவில்லை. தவழ்ந்து போய், நீங்கள் வாங்கி வைத்த கட்டில் அலமாரியின் பித்தளை வளையம் ஒன்றைப் பிடித்து, முக்கி முனகி நின்றுவிட்டாள். மாமி, "எம் பேத்தியாக்கும்!" என்று சந்தோஷத்தில் தொடையில் தட்டினார். நானும் சிரித்தேன். அப்புறம்தான் அந்த வளையத்தைப் பார்த்தேன்.

அது அலமாரிக் கதவின் வளையம் இல்லையே. பார்வைக்குத்தான் கதவு, உண்மையில் அது நிமிர்த்தி வைத்த கட்டிலின் அடிப்பாகம். உச்சியில் இருக்கிற சின்ன மரக்கட்டையைத் திருப்பிவிட்டால் முழுக் கட்டிலும் முன்னால் சாய்ந்து இறங்கும். அபி பிடித்து இழுத்தது கட்டிலைத்தான்.

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் தூத்துக்குடியிலிருந்து அதைக் கொண்டுவந்து, மாடி வீட்டுக்காரர்கள் எல்லாரையும் கூட்டி, "பகல்ல அலமாரி, ராத்திரி கட்டில்! ஒரு ரூமு ரெண்டு ரூமாச்சு!" என்று திறந்து மூடிக் காட்டினீர்களே, அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் இது எனக்குத் தெரிந்தாக வேண்டும்: இந்தக் கட்டில் என் பிள்ளைமேல் விழுமா, விழாதா?

மாமிக்கு இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை குளியலறையில் வழுக்கிவிட்டதாம். தைலம் தடவி துணி சுற்றியிருக்கிறார்.

ஜூன் 5

நல்ல மழை. பிள்ளைத் துணி ஒன்றும் காயவில்லை. உச்சியில் இருக்கும் மரக்கட்டை இன்று இரண்டு தடவை தானாகத் தளர்ந்திருந்தது. என் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினேன்.

"அலமாரிக்குத் தாவணி போட்டாச்சு. இனி மாப்பிள பாக்க வேண்டியதுதான்" என்றார் மாமி.

ஜூன் 6

கட்டிலை விற்ற உங்கள் மரியதாசுக்குப் போன் போட்டேன். பழைய சாமான் விற்கிறவருக்கு எவ்வளவு இனிமையான குரல்!

"தங்கச்சி, அது கப்பல் சாமான். கேபின்ல இருந்தது. கப்பல் சாமானுக்குச் சாவே கெடையாது."

"எந்த வருஷத்துக் கட்டில் அண்ணே?"

"வெள்ளைக்காரன் காலம்."

"எந்த வெள்ளைக்காரன்?"

"அதுல படுத்த வெள்ளைக்காரன்தான். பேரு கேட்டா வச்சிருப்பேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்தபிறகு கோபம் வந்தது.

வருஷம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். இந்த மாதிரி மடக்குக் கட்டில்களைப் பற்றி நேற்று போனில் தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விதமாகச் செய்திருக்கிறார்கள். சிலவற்றைத் தாங்குவது ஸ்ப்ரிங். சிலவற்றைத் தாங்குவது மறுமுனையில் வைக்கும் எதிர்ப்பாரம். எந்தக் காலத்தது என்று தெரிந்தால் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று தெரியும். என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே எது இல்லை என்று தெரியும்? திருச்சியில் மூன்று வருஷம் பிஸிக்ஸ் படித்தேன். இதுவரை குக்கர் விசிலுக்குத்தான் பயன்பட்டிருக்கிறது.

ஜூன் 8

அபி தூங்கியதும் கட்டிலை இறக்கிப் பார்க்க நினைத்தேன். மாமி உதவிக்கு வரவில்லை. "எனக்குக் கை வலிக்கி" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். தூங்குகிற பிள்ளையை ஏன் தூக்கினார் என்று எனக்குப் புரியவில்லை. மேல்வீட்டு அக்காவும் நானும் இறக்கினோம். பாதி வரைக்கும் ஒழுங்காக வந்தது. அப்புறம் கையை இழுத்துக்கொண்டு போயிற்று.

போன் டார்ச்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். சட்டம் முழுக்கத் தேக்கு. ஆணியே இல்லை, எல்லாம் பொருத்து. கீல்களில் இருக்கிற திருகுகள் ஒற்றைக் கோடு போட்டவை. அந்தக் கோடு சில திருகில் நடுவில் இல்லாமல் ஓரமாகப் போகிறது, கையால் அறுத்த மாதிரி. இதெல்லாம் பழசு என்பதற்கு அடையாளம் என்று படித்திருந்தேன். மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தலைமாட்டுப் பக்கம் போனேன். அங்கே இரண்டு ஸ்ப்ரிங், பச்சைப் பெயின்ட் அடித்தது. அவற்றைப் பிடித்திருக்கிற திருகுகள் எல்லாம் நட்சத்திரத் தலை, கூட்டல் குறி போட்டவை. நம் மிக்ஸியின் அடியில் இருப்பது போன்றவை. அவற்றுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் பலகை. வெள்ளைக்காரன் காலத்தில் இதெல்லாம் ஏது?

சட்டத்தின் உட்புறம் உளியால் 1109 என்று செதுக்கியிருந்தது. மாடல் எண்ணாக இருக்கும் என்று தேடினேன். ஒரு கம்பெனியும் அகப்படவில்லை.

எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். யாரோ சமீபத்தில் செய்து, பழசு மாதிரி மெருகு போட்டு, கப்பல் கதை சொல்லி உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள், ரெஜின்.

மாமியிடம் சொன்னேன். "எம் பிள்ள ஏமாறுத ஆளு இல்ல" என்றார். ஆனால் வழக்கமான வேகம் குரலில் இல்லை.

ஜூன் 9

நேற்று கடுமையாக எழுதியதை அடிக்கவில்லை. அப்படியே படியுங்கள்.

ஜூன் 11

ஏமாந்தது நான்.

இன்று ஆராதனைக்குப் போயிருந்தோம். அபி அழ ஆரம்பித்ததால் அவளை வெளியே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உலாத்தினேன். ஆலயத்தின் மூலைக்கல்லை இத்தனை ஞாயிறும் கடந்துதான் போயிருக்கிறேன், படித்ததில்லை. 'கி.பி. 1929' என்று மேலே. அதற்கடியில் 'கொல்லம் 1104'.

அபியை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே கழித்துப் பார்த்தேன். வித்தியாசம் 825. அதை 1109இல் கூட்டினால் 1934. மாதத்தைப் பொறுத்து ஒரு வருஷம் முன்னே இருக்கலாம். மாடல் எண்ணும் இல்லை, கம்பெனியும் இல்லை. இந்தப் பக்கத்து ஆசாரி ஒருவர் வேலையை முடித்ததும் திருவிதாங்கூர் வழக்கப்படி கொல்லம் ஆண்டைச் செதுக்கியிருக்கிறார். திருச்சிக்காரிக்கு அது தெரியாது. தூத்துக்குடி மரியதாசும் கவனிக்கவில்லை. கப்பலாவது கேபினாவது! கட்டில் திருவிதாங்கூர்க்காரன்.

உள்ளே ஓடிப்போய் மாமியின் காதில், "மாமி, ஆயிரத்து நூற்றொன்பது கொல்லம் ஆண்டு!" என்றேன்.

"ஜெபத்துல என்னட்டி கணக்கு போடுத?"

"கட்டில்ல செதுக்கியிருக்கிற நம்பர்!"

"கொல்லம்னு பாத்தாலே தெரியுமே. எங்கப்பா பொறந்தது, வீடு வச்சது எல்லாம் கொல்லத்துலதான் சொல்லுவாவ. நீ என்கிட்ட எங்க கேட்ட? போன்கிட்டல்லா கேட்ட."

முன்பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் தலை குனிந்துகொண்டோம்.

ஆக, சட்டம் 1934. ஸ்ப்ரிங்கும் பிளைவுட்டும் மிகப் பிந்தியவை. ஒரே கட்டிலில் இரண்டு காலம். அப்படியானால் ஸ்ப்ரிங் இருக்கிற இடத்தில் முதலில் என்ன இருந்தது?

ஜூன் 12

இன்று நிறைய எழுத வேண்டும்.

காலையில் அபியைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கட்டிலை இறக்கி, அந்தப் பிளைவுட்டைக் கழற்றினேன். நட்சத்திரத் திருகுகள் வெண்ணெய் மாதிரி வந்தன. துருவே இல்லை. பலகையில் பசை வாடை இன்னும் போகவில்லை. பின்னால் தேக்கிலேயே செய்த நீளப்பெட்டி, வெறும் பெட்டி. அடியில் செங்கல் செங்கலாகத் துருத்தடம். இரும்புக் கட்டிகள் பல காலம் உட்கார்ந்திருந்த இடம்.

எதிர்ப்பாரம். கிணற்றுத் துலாவில் ஒரு பக்கம் கல்லைக் கட்டுகிற அதே விஷயம். கட்டில் கீழே வரும்போது இந்தப் பெட்டி மேலே போக வேண்டும். இரும்பின் கனம் கட்டிலின் கனத்தைப் பிடித்துக்கொள்ளும். செய்தவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். யாரோ இரும்பை எடுத்துவிட்டு, எந்த வண்டியிலிருந்தோ கழற்றிய ஸ்ப்ரிங்கை மாட்டி மூடியிருக்கிறார்கள். அதில் ஒன்று இப்போதே இளகிக் கிடக்கிறது. பழசு என்பதால் இந்தக் கட்டில் ஆபத்தாகவில்லை. அதில் பாதி இல்லை, அதனால்தான்.

நிமிர்த்தி வைக்கத் தூக்கினேன். முக்கால்வாசி போனதும் கை வழுக்கிவிட்டது. கட்டில் அறைந்த சத்தத்தில் தரை அதிர்ந்தது. அபி வீரிட்டாள். நான் கட்டிலைப் பார்த்தேன். மாமி கட்டிலைப் பார்க்கவில்லை. தொட்டிலுக்கு ஓடி, வீங்கிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்துப் போயிருந்தது.

"மாமி, வெள்ளிக்கிழமை எங்க விழுந்தீங்க?"

"பாத்ரூம்லதான்."

"மாமி."

மாமி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"நீ பால் வாங்கப் போனியே, அப்ப. பிள்ள முன்னால இருந்து விளையாடிட்டு இருந்து. அந்த சவம் தானா இறங்கிச்சு. நான் கையக் குடுத்தேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆவல மக்களே. மேல காத்துகூடப் படல."

"ஏன் சொல்லல?"

"அவன் ஆசையா வாங்கினான். நடுக்கடல்ல கெடக்குத பிள்ளைக்கிட்ட இதச் சொல்லவா? ஒனக்குச் சொல்லலாம்னா... நீ ராத்திரி ராத்திரி எந்திரிச்சுப் பிள்ளைக்கு மூச்சு வருதான்னு மூக்குல வெரல் வச்சுப் பாத்துட்டு இருக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இதையும் சொன்னா நீ என்னத்துக்கு ஆவ?"

அது மாமிக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் நான் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஜூன் 13

எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டிருக்கிறது. டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு மாமி குளியலறை என்றார். நான் "கட்டில்" என்றேன். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கட்டிலைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியோடு கட்டியாயிற்று. மூவரும் தரையில் பாய் விரித்திருக்கிறோம். அபிக்கு ஒரே கொண்டாட்டம், எங்கள்மேல் ஏறி இறங்குகிறாள்.

ஜூன் 15

மாமியே சொல்லிவிட்டார்: "வித்துரு. அவன் வந்தா நான் பேசிக்கிடுதேன்."

மரியதாசுக்கு மறுபடி போன் போட்டேன். உடனே சம்மதித்தார்.

"அனுப்பி வையுங்க தங்கச்சி. கேட்டு ஆளு காத்துக் கெடக்கு. மாப்பிள்ளையூரணில ஒரு குடும்பம், சின்ன வீடு, ரெட்டைப் பிள்ளைங்க. இடம் போதலன்னு நேத்துகூட வந்து கேட்டாவ."

விலையைக் கேட்க வாயெடுத்தவள் வேறு கேட்டேன்.

"அண்ணே, அதுக்குள்ள இருந்த இரும்பு எங்க?"

"அது காயலாங்கடைக்குப் போயாச்சே."

"அதில்லாம கட்டில் விழும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஸ்ப்ரிங் போட்டுத்தானம்மா குடுத்தேன்! சும்மாவா குடுத்தேன்?"

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அதை இன்று எழுதவில்லை.

"கட்டிலை விற்கப் போறதில்லை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மாமி வாயைப் பிளந்தார். நான் சொன்னேன்: "இங்கே விழுந்தா உங்க கை இருந்துச்சு. அங்கே யாரு கை இருக்கும்?" மாமி மாவுக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டார்.

உடைத்து விறகாக்கலாம். ஆனால் அதைச் செய்தவர்மேல் ஒரு பிழையும் இல்லையே. எடுத்ததைத் திரும்ப வைக்கப் போகிறேன்.

ஜூன் 16

பெட்டிக்குள் அடங்குகிற அளவில் கனமான இரும்பு வேண்டும். செங்கல் போதாது, மணல் போதாது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். கட்டிலின் கனத்தை எப்படி நிறுத்தேன் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசை வாங்கிக் கட்டிலின் நுனிக்கடியில் முட்டுக்கொடுத்து வைத்தேன். மாமி எண்ணைப் படித்தார், கண்ணாடி இல்லாமல், இரண்டு தடவை தப்பாக.

கோட்டாற்றில் பூலிங்கம் அண்ணாச்சியின் அரிசிக் கடை ஞாபகம் வந்தது. எலெக்ட்ரானிக் தராசு வந்தபிறகு அவருடைய பழைய இருபது கிலோ இரும்பு எடைக்கற்கள் வாசலில்தான் கிடக்கின்றன. ஒன்றில் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறார், ஒன்றில் பூனை படுக்கிறது.

"எடைக்கல்லா? என்னத்துக்கும்மா?"

"கட்டிலுக்கு, அண்ணாச்சி."

"கட்டிலுக்கா! படுக்கவங்கள நிறுத்துப் பாக்கியா? எங்க வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிராத."

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். மூன்று கல்லை ஆட்டோவில் ஏற்றச் சொல்லிவிட்டு, நான் பையைத் திறந்தபோது கையை ஆட்டினார். "பிள்ளைக்குன்னு சொல்லிட்டு... போ, போ. அந்தப் பூனைக்கு மட்டும் வேற எடம் பாக்கணும்."

ஆட்டோக்காரர் மாடிப்படியில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு சாமியைக் கூப்பிட்டார்.

ஜூன் 17

வெல்டிங் பட்டறையில் பெட்டிக்கு இரும்புப் பட்டை அடிக்கக் கொடுத்தேன். நாளை தருவார்கள். அபிக்கு இலேசான சளி.

ஜூன் 18

ஸ்ப்ரிங் இரண்டையும் கழற்றி எறிந்தேன். மேல்வீட்டு அக்கா, அவர் கணவர், நான் மூவரும் மாறி மாறிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கற்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் இறக்கிப் பட்டை போட்டு முடுக்கினோம். மாமி நாற்காலியில் உட்கார்ந்து மாவுக்கட்டுக் கையால் அதிகாரம் செய்தார்.

முதல் கல். வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது. கை கொஞ்சம் இலேசானது. மூன்றாவதும் போட்டபின், "விடுங்க, மெல்ல விடுங்க" என்றேன். விட்டோம்.

கட்டில் பாதிவழியில், காற்றில், அப்படியே நின்றது.

மாமி எழுந்து வந்து ஒற்றை விரலால் தள்ளினார். மேலே போயிற்று. தள்ளிய இடத்தில் நின்றது. கீழே அழுத்தினார், வந்தது, நின்றது.

"கொள்ளாமே!" என்று மெச்சினார். அடுத்த ஐந்து நிமிஷம் அதை வைத்து விளையாடியது அபி இல்லை, உங்கள் அம்மா.

நான் மட்டும் நம்பவில்லை. எல்லாரும் போனபிறகு கட்டிலைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதற்கடியில், அந்த வெள்ளிக்கிழமை அபி இருந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். தலைக்கு நேரே 1934ஆம் வருஷத்துத் தேக்கு. மாமி வாசலில் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வெளிய வாட்டி பைத்தியக்காரி! போதும், வா!" என்று கத்தினார். நான் வரவில்லை. வெண்டைக்காயை எடுத்து வரச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து நறுக்கி முடித்தேன். குழம்பு வைக்கத்தான் வெளியே வந்தேன்.

ஜூன் 19

அலமாரியைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டாயிற்று. உச்சியில் மரக்கட்டையை எடுத்துவிட்டு இரும்புத் தாழ்ப்பாள். பித்தளை வளையம் இரண்டையும் கழற்றிவிட்டேன். அபி நிற்பதற்கு இனி நாற்காலிதான். அதையும் நான் ஆட்டிப் பார்த்துவிட்டேன்.

கப்பல் நாளை டர்பன் போகும் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஆகவே விட்டுவைத்ததை எழுதியாக வேண்டும்.

மரியதாஸ் அன்று சொன்னது இது: "அந்த இரும்ப எடுக்கச் சொன்னதே உங்க வீட்டுக்காரர்தாம்மா. மாடி ஏத்த முடியாது, கனம் கொறச்சுத் தாங்க, ராத்திரிக்குள்ள வீட்டுல வச்சாகணும், காலையில கப்பல்னாரு. அவரு கேட்டுத்தான் ஸ்ப்ரிங் போட்டேன்."

மாமிக்கு இது தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன்; சொல்ல வேண்டியது நீங்கள். கை எப்படி உடைந்தது என்று உங்களுக்கு எழுதக் கூடாது என மாமி என்னிடம் சத்தியம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவே நின்று நான் எதையும் மூடி வைக்கப் போவதில்லை.

உங்களைத் திட்டுவதற்கு எழுதவில்லை, ரெஜின். அவர் பொய்யும் சொல்லியிருக்கலாம். கப்பல் கதை சொன்ன வாய்தானே. அப்படியானால் அதை நீங்கள் எழுத வேண்டும். உண்மையென்றால், அந்த இரும்பு எதற்காக அங்கே இருந்தது என்று அப்போது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இது ஒன்றுதான் எனக்கு வேண்டும். தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள், நம்புவேன். தெரியும் என்றால் அதையும் எழுதுங்கள். இந்த அறையில் நீங்கள் கொண்டுவந்து வைக்கிற பொருளை ஒவ்வொரு தடவையும் நான் கழற்றிப் பார்த்துத்தான் நம்ப வேண்டுமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இன்று கட்டிலில் மாமியும் அபியும் தூங்குகிறார்கள். நான் பக்கத்தில் பாயில் படுத்துக்கொள்வேன்.

பக்கங்களைக் காலையில் அனுப்புகிறேன். படித்ததும் முதலில் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

சுகிர்தா